பேருக்கு அணித்தலைவியா, உண்மையில் அணித்தலைவியா? சாரணியர் படை நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி

கரிசல் டீச்சர் (வெள்ளி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். அரசு பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன ஆண்டு அடிப்படைப் பயிற்சி முடித்து, பள்ளியின் சாரணியர் (கைட்ஸ்) படையைப் பொறுப்பேற்றேன். 28 பிள்ளைகள். மல்லிகை, தாமரை, செம்பருத்தி, சூரியகாந்தி என்று நான்கு அணிகள். சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றினோம், அணிவகுப்பு அருமை என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். கடைசிப் பாடவேளையில் முடிச்சுப் பயிற்சி. தலைமை ஆசிரியை ஏதோ புள்ளிவிவரம் கேட்டார் என்று நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். 25 நிமிடம் கழித்து ஓடி வந்து பார்த்தால் 28 பேரும் நான்கு வரிசையாக வெயிலில் நிற்கிறார்கள். பத்தடி தள்ளி வேப்பமர நிழல் இருக்கிறது. கயிறு இருக்கும் அறையின் சாவி வெளியே ஆணியில்தான் தொங்குகிறது, அது எல்லோருக்கும் தெரியும். "ஏனம்மா இப்படி நிற்கிறீர்கள்?" என்றேன். "நீங்கள் இன்னும் வரவில்லையே டீச்சர்" என்றாள் மல்லிகை அணித்தலைவி. அவள் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிறவள். நான்கு அணித்தலைவிகளையுமே மதிப்பெண் பார்த்துத்தான் நான் நியமித்தேன்.

அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஓராண்டாக விசில் ஊதினால் நில், விசில் ஊதினால் நட என்று நான்தானே பழக்கியிருக்கிறேன்? தலைமைப் பண்பு வளரும் என்று பெற்றோரிடம் சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்தேன். அது எப்படி வளர்கிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சூரியகாந்தி (வெள்ளி, இரவு 10.25)

டீச்சர், நான் பள்ளியில் சூரியகாந்தி அணித்தலைவியாக இருந்தவள். இப்போது மதுரையில் செவிலியர். என் சாரணிய ஆசிரியையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

கூட்டம் நடக்கும்போது அவர் மைதானத்து ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து குரோஷா பின்னிக்கொண்டிருப்பார். ஓடிப்போய் "டீச்சர், இந்தக் கயிறு போதுமா?" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்பார். அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் எங்களுக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் முதல் முகாம். உணவுப் பொருள் பட்டியலை நான்கு அணித்தலைவிகளும் கூடிப் போட்டோம். அணித்தலைவிகள் கூடி முடிவெடுக்கும் இந்தக் கூட்டத்துக்குக் கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர், உங்கள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கூட்டக் குறிப்பு எழுதுவோம். நாலு கிலோ தக்காளி, மூன்று கிலோ துவரம்பருப்பு, வெங்காயம், புளி, மிளகாய்ப்பொடி எல்லாம் எழுதினோம். டீச்சர் பட்டியலை வாங்கிப் படித்தார், கையெழுத்துப் போட்டார், திருப்பிக் கொடுத்தார். முகாமில் இரவு சாம்பார் கொதிக்கும்போதுதான் தெரிந்தது, உப்பு வாங்கவில்லை. கடைக்கு மூன்று கிலோமீட்டர், இருட்டிவிட்டது. உப்பில்லாத சாம்பாரை 26 பேர் சாப்பிட்டோம். ஒரு பிள்ளை அழுதாள். டீச்சரும் எங்களோடு உட்கார்ந்து அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் பையிலிருந்து அரைக்கிலோ உப்புப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். இரவு முழுக்க அது அவரிடம் இருந்திருக்கிறது.

அன்றைக்கு அவரை நான் மன்னிக்கவில்லை. இப்போது என் வார்டில் இரவுப் பணி மாற்றும்போது ஒவ்வொரு தட்டையும் மூடியைத் திறந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அந்தப் பழக்கத்தைத் தந்தது உப்பில்லாத சாம்பார்தான் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

முன்னாள் பயிற்றுநர் (சனி, காலை 6.15)

கரிசல் டீச்சருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த இயக்கத்தில் இருந்தேன். உங்களுக்கு வந்திருக்கும் சந்தேகம் நல்ல சந்தேகம். பலருக்கு இது வருவதே இல்லை.

நீங்கள் வரிசையை அணி என்று நினைத்துவிட்டீர்கள். 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களை வைத்து நடத்திய சோதனை முகாமிலேயே அவர்களை நான்கு சின்னக் குழுக்களாகத்தான் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனே தலைவன். அவன் சொல்படி அவனுடைய குழு நடந்தது. சாரணியத்தில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. முடிச்சும் கூடாரமும் எந்த நிறுவனத்திலும் கற்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நம்பிக் கொடுப்பதுதான் நம்முடைய தனிச்சொத்து.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மேலானது. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைப்பே இல்லாமல் சில சிறுமிகள் தாங்களே சாரணர் உடை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் 1910இல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் பெண்களுக்கான இயக்கம் தொடங்கியது. மறு ஆண்டே, 1911இல், இந்தியாவில் ஜபல்பூரில் முதல் குழு வந்துவிட்டது. யாரும் விசில் ஊதாமலே வந்து நின்ற பிள்ளைகளால் பிறந்த இயக்கம் இது. உங்கள் 28 பேரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், முதலில் முடிச்சை 28 பேருக்கும் நீங்கள் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். வியாழக்கிழமை நான்கு அணித்தலைவிகளையும் உட்காரவைத்து ரீஃப் முடிச்சைக் காட்டுங்கள். காயத்துக்குக் கட்டுப்போட ஏன் இந்த முடிச்சு? தட்டையாகப் படியும், உடம்பில் உறுத்தாது. ஒரு கயிறு தடிமன், ஒன்று மெல்லியது என்றால் இது நழுவும், அங்கே ஷீட் பெண்ட் வேண்டும். மூங்கில் கழிகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்குவதற்குக் க்ளோவ் ஹிட்ச். காரணத்தோடு சொல்லிவிட்டு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் தங்கள் அணிக்குக் கற்றுக்கொடுப்பார்கள். தப்பாகக் கற்றுக்கொடுப்பார்கள், தாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர்கள் மூங்கிலில் கட்டிய செருப்பு வைக்கும் தட்டு சாய்ந்து விழும்போது, தப்பு எங்கே என்று அவர்களே தேடுவார்கள்.

அணியில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை இருக்கட்டும். பொருள் காப்பாளர் ஒருத்தி, குறிப்பு எழுதுகிறவள் ஒருத்தி, காசு கணக்கு ஒருத்தி, முதலுதவிப் பெட்டி ஒருத்தி. சாவியை ஆணியில் மாட்டாதீர்கள். பொருள் காப்பாளர் கையில் கொடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை தலைவியை அணியினரைக் கலந்து முடிவு செய்யுங்கள். கிம் விளையாட்டு வைத்துப் பாருங்கள்: தட்டில் 24 சின்னப் பொருள்கள், ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், மூடிவிட்டு, குறைந்தது 16 பொருள்களையாவது நினைவிலிருந்து எழுத வேண்டும். இதை அணியாகச் சேர்ந்து ஆடவிடுங்கள். நான் பார்த்தவரை, நீ மேல் வரிசையைப் பார், நீ கீழ் வரிசையைப் பார் என்று பங்கு பிரிக்கிறவள் பெரும்பாலும் முதல் மதிப்பெண்காரியாக இருக்கமாட்டாள்.

எட்டாம் வகுப்பு அப்பா (சனி, காலை 11.05)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் வேறு ஊரில் இதே போன்ற படையில் இருக்கிறாள். மூன்று நாள் முகாமுக்கு அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. என் அம்மா கூடாது என்கிறார். கல்லில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கும் ஆசிரியையைப் பற்றிப் படித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், பாதுகாப்பு யார் பொறுப்பு?

முன்னாள் பயிற்றுநர் (சனி, பகல் 12.30)

ஐயா, சரியான கேள்வி. உப்பு இல்லாமல் ஒரு வேளை சாப்பிடலாம். தீ, தண்ணீர், இரவு, பாம்பு, காய்ச்சல் இவற்றில் பிள்ளைகளின் முடிவுக்கு இடமே இல்லை. அங்கே ஆசிரியை எழுந்து வந்துவிட வேண்டும். கிணற்றுப் பக்கம் போகாதே என்பதைக் கோர்ட் ஆஃப் ஹானரில் விவாதிக்க மாட்டோம்.

பழைய சூரியகாந்தி (சனி, பிற்பகல் 2.10)

ஐயா, எங்கள் ஆசிரியை கண்ணை ஊசியில் வைத்திருந்தாலும் காதை எங்கள் மேல்தான் வைத்திருந்தார். இருட்டிய பிறகு கடைக்குப் போகிறேன் என்று நான் கிளம்பியபோது ஒரே சொல்லில் தடுத்தார்.

பள்ளியிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை ஆசிரியைகள் இரவு தங்குகிறார்கள், கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கிறதா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், வண்டி நிற்குமா, ஆண்கள் யார் வளாகத்தில் இருப்பார்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபப்படமாட்டார்கள்.

இன்னொன்று. அப்பாவிடம் மகள் சொல்லத் தயங்குவது மாதவிலக்கு பற்றித்தான். எங்கள் அணிப் பெட்டியில் கயிறு, கத்தி, தீப்பெட்டியோடு ஒரு துணிப்பையும் இருக்கும். நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு மாற்று உள்ளாடை. யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். அதை வைக்க வேண்டும் என்று முடிவு செய்தது எங்கள் பொருள் காப்பாளர், ஏழாம் வகுப்புப் பிள்ளை. முந்தைய முகாமில் அவள் பட்ட அவதியை யாரிடமும் சொல்லாமல், அடுத்த முகாமுக்கு அந்தப் பையைத் தைத்துக்கொண்டு வந்தாள். உங்கள் மகளின் அம்மாவை அவளுடைய அணித்தலைவியிடம் பேசச் சொல்லுங்கள்.

விருது முக்கியம் (சனி, மாலை 5.50)

எல்லோரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள். நடைமுறையையும் பாருங்கள். என் மகள் பிரதம் சோபான் என்ற முதல் படியிலிருந்து படிப்படியாக ஏறி, ஆளுநர் கையெழுத்திட்ட ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதை வாங்கி, இப்போது ராஷ்டிரபதி (குடியரசுத் தலைவர்) விருதுக்குத் தயாராகிறாள். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்குச் சான்றிதழ் வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா? பிள்ளைகள் தப்புத்தப்பாகக் கற்றுக்கொண்டிருந்தால் தேர்வில் யார் தேர்ச்சி பெறுவது? ஆசிரியை நின்று கற்பித்தால்தான் படி ஏற முடியும்.

கரிசல் டீச்சர் (சனி, இரவு 8.30)

சகோதரி, உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். சான்றிதழை நான் குறைத்து மதிக்கவில்லை. என் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், ஒரு வேலை வாய்ப்பு என்றால் அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது: யார் எந்த முடிச்சு, எந்தத் தேதியில் தேர்ச்சி. அந்தப் பதிவேட்டில் உள்ளவர்கள்தான் நேற்று வெயிலில் நின்றார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் விதி (ஞாயிறு, காலை 7.45)

இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் சாரணியராக இருந்த காலம். எங்கள் பள்ளி வளாகத்திலேயே மூன்று நாள் முகாம். எங்கள் தாமரை அணியில் எட்டுப் பேர். எந்த வேளை யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று அணித்தலைவி அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். இரண்டாம் நாள் மதியம் சமையல் என் பேரில் இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு பிள்ளையின் பாட்டி தூக்குவாளியோடு வாசலுக்கு வந்துவிட்டார். "என் பேத்தி இதைச் சாப்பிட்டுக்கொள்வாள்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நான் காலனிப் பிள்ளை. அன்று அடுப்பில் கரண்டி என் கையில். எட்டுப் பேருக்கும் புரிந்தது. எனக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போல் இருந்தது.

எங்கள் அணித்தலைவி அப்போது ஒன்பதாம் வகுப்பு. படிப்பில் சுமார்தான். வாசலுக்குப் போய் இரண்டு கைகளாலும் தூக்குவாளியை வாங்கினாள். "ரொம்ப நன்றி பாட்டி. எங்கள் அணியில் எது வந்தாலும் எட்டுப் பங்கு" என்றாள். கொண்டுவந்து என் சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னையே பரிமாறச் சொன்னாள், இரண்டிலிருந்தும். தூக்குவாளியில் புளியோதரை. ஆளுக்கு இரண்டு கரண்டிதான் வந்தது. அந்தப் பேத்தி தலையைக் குனிந்துகொண்டு இரண்டையும் சாப்பிட்டாள், சாம்பார் இரண்டாம் முறையும் கேட்டாள்.

எங்கள் ஆசிரியை குழாயடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பேசவும் இல்லை. அன்றிரவு பாசறைத் தீயின்போதும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாரணியர் விதியில் மூன்றாவது, எல்லோருக்கும் நண்பர், மற்ற ஒவ்வொரு சாரணியருக்கும் சகோதரி என்பது. அதை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம்.

ஆசிரியை வந்து அந்தப் பாட்டியோடு வாதாடியிருந்தால் அது பெரியவர்கள் சண்டையாகியிருக்கும், ஊர் வரைக்கும் போயிருக்கும், நான் மறுநாள் முகாமில் இருந்திருக்க மாட்டேன். இத்தனை ஆண்டு கழித்தும் இப்படித்தான் நினைக்கிறேன். விருது முக்கியம் அவர்களே, அந்த அணித்தலைவி எந்த விருதும் வாங்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் தலைவி என்றால் அவள் முகம்தான்.

விருது முக்கியம் (ஞாயிறு, காலை 9.20)

சகோதரி, படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் பதிவை என் மகளிடம் காட்டினேன். "எங்கள் படையில் சமையல் அட்டவணையே கிடையாது அம்மா, முகாமுக்குச் சமையல்காரர் வருகிறார்" என்றாள். அவளுடைய ஆசிரியையிடம் நான் பேசப்போகிறேன்.

யாழ் கைட் (ஞாயிறு, பிற்பகல் 3.00)

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கையில் இந்த இயக்கம் 1917இல் கண்டியில் தொடங்கியது. எங்கள் பாடசாலையில் போருக்கு முன்னும் பின்னும் கைட்ஸ் படை இருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் அம்மாவின் தலைமுறை முகாம் என்ற சொல்லை வேறு பொருளில் அறிந்துகொண்டது. அதனால் நான் கைட்ஸ் முகாமுக்குப் போகிறேன் என்றபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தானே என் பையை அடுக்கித் தந்தார். மிகக் குறைந்த பொருளில் பை அடுக்க அவரை விஞ்ச ஆளில்லை.

கரிசல் ரீச்சருக்கு ஒரு யோசனை. எங்கள் பொறுப்பாசிரியை கூட்டத்துக்கு வேண்டுமென்றே பிந்தி வருவார். முதல் பத்து நிமிடம் எங்களுடையது. என்ன செய்வது என்பதை முந்தின கிழமையே அணித்தலைவிகள் எழுதி வைத்திருப்போம். மூத்த பிள்ளைகள் இருந்தால் புனேயில் உள்ள சங்கம் மையத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 1966இல் திறந்த, இந்த இயக்கத்தின் உலக மையம், பல நாட்டுப் பெண் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். உங்களுக்கு ரயிலிலேயே போய்விடும் தூரம்.

கரிசல் டீச்சர் (நான்கு வாரம் கழித்து, வியாழன், இரவு 9.15)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுவதாக மனதுக்குள் சொல்லியிருந்தேன்.

சாவியைச் செம்பருத்திப் பொருள் காப்பாளரிடம் கொடுத்தேன். முதல் வாரம் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாள். கயிறு இல்லாமல் என்ன செய்வது என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. கடைசியில் எட்டுத் துப்பட்டாக்களை முறுக்கி ஷீட் பெண்ட் போட்டுப் பழகினார்கள். துணி என்பதால் முடிச்சு வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தது. இது எனக்குத் தோன்றியிருக்காது.

இரண்டாம் வாரம் பத்து நிமிடம் பிந்திப் போனேன். மறுபடியும் நின்றுகொண்டிருந்தார்கள், ஆனால் நிழலில். மூன்றாம் வாரம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மல்லிகை அணியில்தான் சிக்கல். முதல் மதிப்பெண் எடுக்கிற அந்தப் பிள்ளை என்னிடம் தனியாக வந்து, "டீச்சர், யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, நானே எல்லாவற்றையும் செய்துவிடுகிறேன்" என்று அழுதாள். வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். அவளுக்கு என்மேல் கோபம், முகத்தில் தெரிந்தது. போன வெள்ளி அவளே அணியைக் கூட்டி, சமையலும் அடுப்பும் தனக்குத் தெரியாது, அதற்கு உதவித் தலைவி பொறுப்பு என்று சொல்லியிருக்கிறாள். உதவித் தலைவி வீட்டில் நான்கு தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போட்டுவிட்டு வருகிறவள். ஓராண்டாக அவள் குரலையே நான் கேட்டதில்லை.

வரும் சனிக்கிழமை ஒருநாள் நடைப்பயணம், போகிற இடத்தில் அவர்களே சமையல். எனக்குத் துணையாக இன்னும் இரண்டு ஆசிரியைகள் வருகிறார்கள், கிணறும் கண்மாயும் இல்லாத இடம். பொருள் பட்டியல் இன்று என் மேசைக்கு வந்தது.

பழைய சூரியகாந்தி (வியாழன், இரவு 9.50)

டீச்சர், உப்பு இருக்கிறதா?

கரிசல் டீச்சர் (வியாழன், இரவு 10.05)

உப்பு இருக்கிறது. தீப்பெட்டி இல்லை. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள்! கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒன்றரை நாள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

முன்னாள் பயிற்றுநர் (வெள்ளி, காலை 5.40)

உங்கள் கைப்பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு முன்னால் எடுக்காதீர்கள். அதற்குள் யாராவது ஒருத்தி அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள். அது எந்தப் பிள்ளை என்று மட்டும் பார்த்து வையுங்கள்.